நண்டு வைத்த பந்தயம்

அக்கா வாயைப் பாதி திறந்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

உண்மையான அக்கா நிற்கவில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, "மேடம், கேக்குதா? மேடம்!" என்று கத்திக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் திரைக்குள் இருந்த அக்காதான் நின்றுவிட்டாள். அவள் மூக்கின் மேல் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வேறு நாளாக இருந்தால் தங்கை நண்டு விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அன்று அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அக்காவின் கண்களில் தண்ணீர் நின்றது.

அது சாதாரணப் பேச்சு இல்லை, நேர்காணல். லிஃப்ட் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் சேர்வதற்கான நேர்காணல்.

அக்காவுக்கு ஏன் லிஃப்ட் மேல் அவ்வளவு ஆசை என்று கேட்பீர்கள். அவர்கள் வீடு உச்சி மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்து லிஃப்ட் வேலை செய்த நாளைவிட ஓய்வெடுத்த நாள்தான் அதிகம். அம்மா வீட்டிலேயே கேக் செய்து விற்பவர். ஒருமுறை கோட்டை மாதிரி ஒரு பெரிய கேக்கைப் படி வழியாக இறக்கும்போது, திருப்பத்தில் கோட்டை சரிந்து பொத்தென்று விழுந்தது. அம்மா படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

"பாத்துக்கிட்டே இரும்மா. இந்த லிஃப்ட்டை ஒருநாள் நானே சரி பண்றேன்" என்று அக்கா அன்றைக்குச் சொன்னாள். சும்மா வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் மேடமே தொலைபேசியில் அழைத்தார். "பரவாயில்லம்மா, மெஷின்னா மக்கர் பண்ணத்தான் செய்யும். நாளைக்கு மத்தியானம் இன்னொரு தடவை பேசலாம். ஆனா நாளையோட நேர்காணல் முடிஞ்சிடும். பாத்துக்கோ."

அக்கா தொலைபேசியை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரை முறைத்தாள்.

"எல்லாம் நீ வெச்சிருக்கிற பிரவுசரால வந்த வினை" என்றார் அப்பா.

அவ்வளவுதான், வீட்டில் சண்டை ஆரம்பமானது.

இணையத்தில் எதைப் பார்ப்பதானாலும் ஓர் உலாவி வேண்டும். பிரவுசர் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அந்த வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். ஆனால் ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு தட்டு என்பது போல ஆளுக்கோர் உலாவி. அப்பாவுடைய உலாவியின் படம் ரயில். அம்மாவுடையது குடை. அக்காவுடையது பட்டம். நண்டுக்குத் தனியாக எதுவும் கிடையாது. எது சும்மா இருக்கிறதோ அதில் உட்கார்ந்துகொள்வாள்.

நண்டு என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. எதைப் பார்த்தாலும் கையை விட்டு நோண்டுவதால் வந்த பெயர்.

"என் ரயில் எவ்வளவு வேகம் தெரியுமா? தட்டினா வந்து நிக்கும்" என்றார் அப்பா.

"பஸ் ஓட்டுறவருக்கு ரயில் மேல என்ன பாசமோ!" என்றார் அம்மா. "என் குடைதான் பத்திரம். எத்தனை நாளா வெச்சிருக்கேன், ஒரு தொந்தரவு உண்டா?"

"உன் குடை விரியறதுக்குள்ள மழையே நின்னுடும்மா" என்றாள் அக்கா. "என் பட்டம்தான் அழகு."

"அழகை வெச்சு என்ன பண்றது? உன் பட்டம்தானே இப்போ கம்பியில சிக்கின மாதிரி நின்னுச்சு?" என்றார் அப்பா.

அக்காவின் முகம் மறுபடி சுருங்கியது. நண்டுக்குப் பாவமாக இருந்தது. மூன்று பேரும் அவரவர் உலாவியைத் தூக்கிப் பிடிக்கிறார்களே தவிர, நாளைக்கு அக்கா எதில் பேசுவது என்று யாரும் சொல்லவில்லையே!

"பந்தயம் வைக்கலாம்" என்றாள் நண்டு.

"என்ன பந்தயம்?"

"மூணுலயும் அக்காவோட பள்ளிப் பக்கத்தைத் திறப்போம். எது சீக்கிரம் திறக்குதோ அது ஜெயிச்சது. எனக்குன்னு எதுவும் இல்லாததால நான்தான் நடுவர்."

யாராலும் மறுக்க முடியவில்லை.

நேரம் பார்க்கக் கடிகாரத்தைத் தேடினார் அப்பா. நண்டு அதற்குள் ஸ்கிப்பிங் கயிற்றை எடுத்து வந்துவிட்டாள். "பக்கம் திறக்கிற வரைக்கும் குதிப்பேன். எனக்கு எவ்வளவு மூச்சு வாங்குதோ அவ்வளவு மெதுவுன்னு அர்த்தம்."

முதலில் ரயில். நண்டு கயிற்றைச் சுற்றி இரண்டு குதி குதிப்பதற்குள் பக்கம் வந்துவிட்டது. அப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

அடுத்து பட்டம். பக்கம் வந்தபோது நண்டின் பின்னல் அவிழ்ந்திருந்தது.

கடைசியாகக் குடை. நண்டு குதித்தாள், குதித்தாள், குதித்துக்கொண்டே இருந்தாள். கீழ்வீட்டு மாமா கம்பால் தன் வீட்டுக் கூரையில் தட்டினார். "மேல என்ன, யானையா வளக்கிறீங்க?" என்று ஜன்னல் வழியாகக் குரல் வந்தது. பக்கம் ஒருவழியாக வந்தபோது நண்டு தரையில் நீட்டிப் படுத்திருந்தாள்.

"ரயில்தான் ஜெயிச்சது!" என்று அப்பா கைதட்டினார். "போம்மா, போய் உக்காரு. நாளைக்கு இதுலயே பேசு."

அக்கா ரயிலில் பள்ளிப் பக்கத்தைத் திறந்தாள். கடவுச்சொல்லை அடிக்கப் போனாள். அந்த நேரம் பார்த்துத் திரையின் மேலே மஞ்சளாக ஒரு செய்தி எட்டிப் பார்த்தது. அப்பாவின் கை பாய்ந்து வந்து மவுஸ் என்கிற எலியை நகர்த்தி அதை மூடியது. ஈ அடிப்பது போல அவ்வளவு வேகம்.

"அப்பா, அதுல என்ன எழுதியிருந்தது?" என்று கேட்டாள் நண்டு.

"எதுல?"

"இப்போ மூடினீங்களே, அதுல."

"அதுவா? தினமும் வரும். தினமும் மூடிடுவேன்."

"ஒருநாள்கூடப் படிச்சதில்லையா?"

அப்பா கொஞ்சம் தயங்கினார். "ஒருதடவை 'உங்களுக்குக் கார் பரிசு'ன்னு ஒண்ணு வந்தது. ஆசையா 'ஆமாம்'னு அழுத்தினேன். அப்புறம் ஒரு வாரம் கம்ப்யூட்டர் முழுக்க விளம்பரமாக் கொட்டுச்சு. உங்க அம்மாகூடச் சிரிச்சா. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். திரையில எது வந்து என்ன கேட்டாலும் 'வேண்டாம்'தான்."

நண்டு ரயிலை மூடித் திரும்பத் திறந்தாள். செய்தி வருவதற்கு முன்பே அப்பாவின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, சீக்கிரம் படி!"

அக்கா சத்தமாகப் படித்தாள். "உங்கள் உலாவி மிகவும் பழையது. பாதுகாப்புச் சோதனைகள் வேலை செய்யவில்லை. உடனே புதுப்பிக்கவும்."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

"அதெல்லாம் சும்மா பயமுறுத்துறது" என்றார் அப்பா. ஆனால் குரலில் பழைய வேகம் இல்லை.

நண்டுக்குப் பள்ளிக்கூடத்தில் கணினி டீச்சர் காட்டிய ஒரு பக்கம் நினைவுக்கு வந்தது. அது பொம்மைத் திருடன் பக்கம். நிஜத் திருட்டுப் பக்கம் மாதிரி நடிக்கும், ஆனால் எதையும் எடுக்காது. நல்ல உலாவியாக இருந்தால் அந்தப் பக்கத்துக்குள் நம்மை விடாமல் சிவப்பாகத் தடுத்து நிறுத்திவிடும்.

குடையில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். நெடுநேரம் யோசித்துவிட்டு, 'உள்ளே போகாதீர்கள், ஆபத்து!' என்று சிவப்பாகத் தடுத்தது குடை. பட்டமும் தடுத்தது.

ரயிலில் திறந்தாள். சர்ரென்று உள்ளே போய்விட்டது. முகமூடி போட்ட ஒரு பொம்மைத் திருடன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். 'வாங்க வாங்க! நான் நிஜத் திருடனாக இருந்தால் உங்கள் கடவுச்சொல் இந்நேரம் என் பையில்!' என்று எழுதியிருந்தது.

அக்கா சட்டென்று விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்பா, உங்க ரயில் வேகமாத்தான் போகுது. ஆனா சிக்னலே பாக்காம போகுது" என்றாள் நண்டு.

சிவப்பு விளக்கில் ஒருநாளும் வண்டியை எடுக்காதவர் அப்பா. அவர் முகம் வாடிப்போனது. நண்டு அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். கார் பரிசு என்று யாரோ ஏமாற்றியதற்கு அப்பா என்ன செய்வார்? பயந்தவர் எல்லாவற்றையும்தானே மூடுவார்.

"சரி, அப்போ குடையிலயே பேசுறேன்" என்றாள் அக்கா. "மெதுவா இருக்கிறதைச் சரி பண்ணிடலாம். அம்மா திறந்து வெச்சிருக்கிற டேப் எல்லாத்தையும் மூடினாப் போதும்."

உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்தால், மேலே அதற்கென்று ஒரு சின்னப் பட்டை வரும். அதுதான் டேப். அம்மாவின் குடையில் டேப்புகள் நெருக்கியடித்து, ஒவ்வொன்றும் நகக்கீற்று அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தன. அக்கா படபடவென்று மூட ஆரம்பித்தாள்.

"ஐயோ, வேண்டாம்!" அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தார். கை முழுக்கக் கிரீம். "மூடாதே! மூடாதேடி!"

"இதெல்லாம் எதுக்கும்மா? நாளைக்கு என் நேர்காணல் முக்கியமா, உன் கேக் படம் முக்கியமா?"

அம்மா கிரீம் கையோடு அப்படியே நின்றார். நண்டு அக்காவின் கையை எலியிலிருந்து மெல்ல எடுத்தாள்.

"ஒரு நிமிஷம் இருக்கா." பிறகு அம்மாவிடம் கேட்டாள், "இதெல்லாம் என்னம்மா?"

"ஒவ்வொண்ணும் ஒருத்தருக்காகப் பாத்து வெச்சது. இது, பல்லு விழுந்த பையனுக்கு மெத்துன்னு ஒரு கேக். இது, முட்டை சேராத பொண்ணுக்கு. இது, கீழ்வீட்டு மாமாவுக்கு, சக்கரை கம்மியா. மூடினாப் போயிடுமே. மறுபடி நான் எங்க போய்த் தேடுவேன்?"

"மூடினாப் போயிடும்னா நினைச்சே?" அக்காவின் கோபம் பாதி இறங்கியது.

"போகாதா பின்னே? அடுப்பை அணைச்சா நெருப்பு எங்க இருக்கு?"

நண்டு டேப்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே போனாள். கேக், கேக், கேக், பொம்மைக் கேக், கப்பல் கேக். எல்லாவற்றுக்கும் முதலில், ஓரத்தோடு ஓரமாக, கேக் இல்லாத ஒரு பக்கம் இருந்தது. அதில் நீலச் சட்டை போட்ட பெண்கள் கருவிகளோடு லிஃப்ட் பக்கத்தில் நின்றார்கள்.

அது அக்கா சேர ஆசைப்பட்ட பள்ளியின் பக்கம்.

"இதை எப்போம்மா திறந்தே?" என்று கேட்டாள் அக்கா.

"நீ ஆசைன்னு சொன்ன அன்னைக்கு. கோட்டை கேக் விழுந்துச்சே, அன்னைக்குத்தான்." அம்மா முழங்கையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். "இது போயிடக் கூடாதுன்னுதான் கம்ப்யூட்டரை அணைக்கக்கூட விடறதில்லை."

அக்கா எழுந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அவள் முதுகில் பெரிதாக ஒரு கிரீம் கை பதிந்தது.

நண்டு அங்கேயே உட்கார்ந்து யோசித்தாள். வகுப்பில் ஒருமுறை இரண்டு தொட்டிகளில் அவரை விதை போட்டு எது நல்ல விதை என்று பார்த்தார்கள். ஒரு தொட்டியை வெயிலிலும் இன்னொன்றை அலமாரிக்கு அடியிலும் வைத்துவிட்டார்கள். அலமாரிச் செடி வளரவேயில்லை. "பாவம், அந்த விதை என்ன பண்ணும்?" என்று டீச்சர் சிரித்தார்.

"நான் வெச்ச பந்தயமே தப்பு!" என்று துள்ளி எழுந்தாள் நண்டு. "குடை அத்தனை கேக்கையும் தூக்கிக்கிட்டு ஓடுச்சு. ரயில் எந்தச் சோதனையும் பண்ணாம வெறுங்கையோட ஓடுச்சு. பட்டம் என்ன சுமக்குதுன்னு இன்னும் பாக்கவே இல்லை. மூணையும் ஒரே மாதிரி ஆக்கிட்டுத்தான் ஓட விடணும்."

வேலை தொடங்கியது.

முதலில் குடை. "அம்மா, இந்த நட்சத்திரத்தை அழுத்தினா உலாவி பக்கத்தோட முகவரியை ஞாபகம் வெச்சுக்கும். அப்புறம் மூடினாலும் போகாது" என்றாள் நண்டு.

"நெஜமாவா? அந்தக் கப்பல் கேக்கை வெச்சுச் செய். அது போனாலும் பரவாயில்லை."

நண்டு நட்சத்திரத்தை அழுத்தினாள். டேப்பை மூடினாள். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டார். நண்டு சேமித்த இடத்தைத் திறந்து தட்டினாள். கப்பல் கேக் கொடியோடு வந்து நின்றது.

"அட!" என்றார் அம்மா. அப்புறம் அவரை நிறுத்தவே முடியவில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் அவரே பெயர் சொன்னார். 'பல்லு விழுந்த பையன்.' 'கீழ்வீட்டு மாமா.' 'ஒரு தடவை தீஞ்சு போனது, மறுபடி செய்யாதே.' அக்காவின் பள்ளிக்கு மட்டும் 'என் பொண்ணு' என்று பெயர் வைக்கச் சொன்னார்.

அடுத்து பட்டம். அதில் அக்கா கூடுதலாகச் சேர்த்து வைத்த விளையாட்டுகள் ஏராளம். பனி கொட்டும், பட்டாம்பூச்சி பறக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பூனைக்குட்டி திரையில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பூனைக்குட்டி எதற்கெல்லாம் அனுமதி வாங்கியிருக்கிறது என்ற பட்டியலை நண்டு திறந்து படித்தாள்.

"அக்கா, நீ பாக்கிற எல்லாப் பக்கத்தையும் படிக்க இந்தப் பூனைக்கு அனுமதி குடுத்திருக்கியே!"

"பூனைக்கா? அது எதுக்கு நான் எழுதுறதைப் படிக்கணும்?"

"அதான் எனக்கும் தெரியல."

அக்கா பெருமூச்சு விட்டாள். "போயிட்டு வாடா செல்லம்" என்று பூனைக்குட்டியை நீக்கினாள். பனியும் பட்டாம்பூச்சியும் பின்னாலேயே போயின.

கடைசியில் ரயில். புதுப்பிக்க வேண்டும் என்றால் யாராவது 'ஆமாம்' என்று அழுத்த வேண்டும். அப்பா எலியைத் தொடவே பயந்தார்.

"இதுவும் கார் பரிசு மாதிரி ஆயிடுச்சுன்னா?"

"பக்கத்துக்கு நடுவுல எதுவாவது குதிச்சு வந்து 'அழுத்து அழுத்து'ன்னு சொன்னா நீங்க செய்யுறதுதான்பா சரி, மூடிடணும்" என்றாள் நண்டு. "ஆனா நாமளே உலாவியோட அமைப்புக்குள்ள, அதான் செட்டிங்ஸ்ல, போய்ப் பாக்கலாம். அங்கயும் இதே செய்தி இருந்தா அது உலாவியே சொல்றது."

இருவரும் சேர்ந்து போய்ப் பார்த்தார்கள். அங்கேயும் அதே செய்தி இருந்தது. அப்பா அதை ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்தார். பிறகு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அழுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணை மட்டும் திறந்து, "விளம்பரம் வருதா?" என்று கேட்டார். வரவில்லை. ரயில் புதிதாகத் திறந்தது. பொம்மைத் திருடன் பக்கத்துக்குப் போகச் சொன்னபோது கிரீச்சென்று நின்று சிவப்பு காட்டியது.

"என் ரயில்!" என்றார் அப்பா. இந்த முறை மீசையைத் தடவவில்லை. நண்டின் தலையைத் தடவினார்.

மறுபடி பந்தயம் நடந்தது. நண்டு கயிற்றை எடுத்தாள். மூன்று உலாவிகளிலும் அவள் சரியாகக் குதிக்க ஆரம்பிப்பதற்குள்ளேயே பக்கம் வந்துவிட்டது. எது முந்தியது என்று சொல்லவே முடியவில்லை.

"என்ன, அதுக்குள்ள யானை படுத்துடுச்சா?" என்று கீழ்வீட்டு மாமா ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"அப்போ நான் எதுல பேசுறது?" என்றாள் அக்கா.

நண்டு தோளைக் குலுக்கினாள். "எல்லாம் ஒண்ணுதான். உனக்கு எது பிடிக்குதோ அது."

அக்கா யோசிக்கவில்லை. குடையைத் திறந்தாள்.

மறுநாள் மத்தியானம் அறைக் கதவு மூடியிருந்தது. வெளியே மூன்று பேரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். அம்மா மிக்ஸியைத் தொடவில்லை. அப்பா தும்மலை அடக்கி அடக்கி மூக்கு சிவந்துபோனார். நண்டு சாவித்துவாரத்தில் கண்ணை வைத்திருந்தாள். திரைக்குள் அக்கா பேசினாள், சிரித்தாள், தலையை ஆட்டினாள். மூக்கின் மேல் வட்டம் வரவேயில்லை.

"கடைசியா ஒரு கேள்வி" என்றது மேடத்தின் குரல். "ஒரு கட்டடத்துல லிஃப்ட் ரொம்ப மெதுவாப் போகுதுன்னு கூப்பிடறாங்க. நீ போனதும் முதல்ல என்ன பண்ணுவே? மோட்டாரைக் கழட்டுவியா, கயிறைப் பாப்பியா?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள்.

"முதல்ல அதுல போய் வர்றவங்ககிட்டப் பேசுவேன் மேடம். அதுல என்ன ஏத்தறாங்க, எதைக் கண்டு பயப்படறாங்கன்னு கேப்பேன். அப்புறம்தான் மெஷினைத் தொடுவேன்."

மறுபக்கம் ஒரு நொடி சத்தமே இல்லை. படம் நின்றுவிட்டதோ என்று நண்டுக்குப் பகீரென்றது. இல்லை, மேடம் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதை யார் சொல்லிக்குடுத்தா?"

"என் தங்கச்சி" என்றாள் அக்கா.

சாவித்துவாரத்துக்கு இந்தப் பக்கம் நண்டின் காதுகள் இரண்டும் சூடாகிவிட்டன.

அடுத்த வாரம் பள்ளியின் பக்கத்தில் தேர்வானவர்களின் பெயர்கள் வெளியாயின. குடையில்தான் பார்த்தார்கள். அக்காவின் பெயர் இருந்தது. அப்பா பஸ் ஹாரன் மாதிரி ஒரு சத்தம் போட்டார். அம்மா திரையைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

"சேமிச்சாச்சும்மா" என்றாள் நண்டு, நட்சத்திரத்தை அழுத்திவிட்டு. "மூடிடட்டுமா?"

"தெரியும்டி. மூடினாலும் போகாது" என்றார் அம்மா. கிரீம் படாத விரலால் அக்காவின் பெயரைத் திரையில் மெல்லத் தொட்டார். "ஆனாலும் இது ஒண்ணு மட்டும் திறந்தே இருக்கட்டுமே."

ஒரு டேப்தானே, அதைக் குடை சுகமாகத் தாங்கும் என்று நண்டு விட்டுவிட்டாள்.